எங்கள் தெரு ஆறாம்

கடலூருக்குத் தெற்கே வேதாச்சல நகரில், முப்பது வருஷமாகத் தகரப் பலகையில் ‘6-வது தெரு’ என்று எண்ணாக எழுதப்பட்டிருந்த எங்கள் தெருவுக்கு, பலகை துருப்பிடித்து விழுந்த பிறகு புதுப்பலகை எழுத வந்த பெயிண்டர், எண் போடச் சோம்பலோ எழுத்தின் மேல் ஆசையோ, ‘ஆறாம் தெரு’ என்று வெள்ளையில் நீலமாக எழுதிவிட்டுப் போன மூன்றாம் நாள் காலையில், மழை பெய்து பத்து நாளாகி ஐந்தாம் தெருவிலும் ஏழாம் தெருவிலும் புழுதி பறந்துகொண்டிருந்தபோது, எங்கள் தெருவில் மட்டும் தண்ணீர் வந்து நின்றது.

வந்து நின்றது என்றுதான் சொல்ல வேண்டும், வெள்ளம் என்று சொல்லக் கூடாது. வெள்ளம் எங்களுக்குத் தெரியும். புயல் வருஷங்களில் கட்டில் கால்களுக்குச் செங்கல் வைத்து மேலே உட்கார்ந்து பொட்டலச் சோறு தின்றவர்கள் நாங்கள். இது அப்படியில்லை. இருபத்திரண்டு வீட்டு வாசலிலும் மேல்படிக்கு ஒரு விரற்கடை கீழே வந்து நின்றது. ஒரு வீட்டுக்குள்ளும் ஒரு சொட்டு நுழையவில்லை. பாசி இல்லை, கொசு இல்லை, சாக்கடை நாற்றம் இல்லை, காற்றடித்தால்கூட அலை இல்லை. குனிந்து பார்த்தால் அடியில் தார்ச்சாலையும், அதில் போன மாசம் குழாய்க்காகத் தோண்டி மூடிய தழும்பும் தெளிவாகத் தெரிந்தன.

நான் பிழை திருத்துகிறவள். பாடப்புத்தகம், கோயில் மலர், கல்யாணப் பத்திரிகை எது வந்தாலும் வீட்டில் உட்கார்ந்தபடியே படித்துச் சிவப்பு மையில் சுழித்து அனுப்புவேன். ஆகவே காரணம் எனக்கு அன்றைக்கே புரிந்துவிட்டது. ‘பக்கத்து வீட்டில் கல்யாணமாம்’, ‘அவர் ஊருக்குப் போனாராம்’ என்று காதில் விழுந்ததைச் சொல்லும்போது கடைசியில் ஓர் ‘ஆம்’ ஒட்டிவிடுகிறோம் இல்லையா, அப்படி, எங்கிருந்தோ எங்கேயோ போய்க்கொண்டிருந்த தண்ணீர் எங்கள் முனைப் பலகையைப் பார்த்து ‘ஆறாம், தெரு’ என்று படித்திருக்கிறது. ஆறு என்பது ஐந்துக்கு அடுத்தது என்று அதற்கு யார் சொல்லிக்கொடுத்தது? தண்ணீருக்குத் தெரிந்த ஆறு ஒன்றுதான். இங்கே ஒரு தெரு ஆறாக இருக்கிறதாம் என்று நம்பி உள்ளே வந்துவிட்டது. இதை நான் ஒரே ஒருவரிடம்தான் சொன்னேன், என் கணவரிடம். அவர் சிரித்து, உன் மூளைக்கு நான் எங்கே போவேன் என்று தலையைத் தடவிக்கொடுத்தார்.

என் கணவர் பெயர் பலராமன். இந்த நகரில் அவரை நல்லவர் என்று சொல்லாதவர் கிடையாது, அதில் பாதிக்குக் காரணம் நான்தான். இரண்டு வயதில் வந்த போலியோவில் எனக்கு இரண்டு காலும் சூம்பிப்போயின. அது தெரிந்தே கட்டிக்கொண்டார். இருபது வருஷமாகத் தினமும் சாயங்காலம் வாசலின் மூன்று படியிலும் என்னைத் தூக்கி இறக்கி, வீல்சேரில் வைத்து, தெருமுனைவரை தள்ளிக்கொண்டு போய் வருவார். வழியில் பார்க்கிறவர்கள் என்னிடம் நலம் கேட்க மாட்டார்கள், என் தலைக்கு மேலே அவரைப் பார்த்து, அம்மா எப்படி இருக்காங்க சார் என்று கேட்பார்கள். அவர் வெளியே போய்விட்டால் நான் மூன்று படிக்கு உள்ளே. ஒரு சாய்தளம் கட்டலாமே என்று கேட்டால் சாக்கடை மூடி தடுக்கும், வாஸ்து தடுக்கும், ஏதாவது ஒன்று தடுத்துவிடும். என் பெயர் குமுதவல்லி என்பது தெருவில் தபால்காரருக்கு மட்டும் தெரிந்திருந்தது.

நான்கு வருஷத்துக்கு முன்னால் செல்போனில் ஒரு படம் பார்த்தேன். ஒல்லியாக ஒரு படகு, கயாக் என்கிறார்கள், இடுப்புக்குக் கீழே எல்லாவற்றையும் தனக்குள் மூடிக்கொள்கிறது. மேலே இருப்பது இரண்டு கையும் இரண்டு பக்கமும் தட்டையான ஒரு துடுப்பும்தான். அதில் உட்கார்ந்துவிட்டால் கால் எங்கே என்று யாரும் கேட்க முடியாது. வீட்டுக்குள் கையை ஊன்றி ஊன்றியே வளர்ந்த எனக்குத் தோளில் பலம் உண்டு. ஆசை வந்துவிட்டது. அவரிடம் சொன்னேன். அவர் மறுக்கவில்லை, அதுதான் அவருடைய குணம், எதையும் மறுக்க மாட்டார். பக்கத்திலேயே, அலை இல்லாத, புதிதாகக் கற்றுக்கொள்கிறவர்களுக்குத் தோதான இடமாகத் தேடிச் சொல்கிறேன், அவசரப்படாதே என்றார். அன்று முதல் ஞாயிறு தவறாமல் காலை ஆறு மணிக்கு ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போய்ப் பத்தரை மணிக்குத் திரும்பி வருவார். ஒரு ஏரியில் ஆகாயத்தாமரை மண்டிக் கிடக்கிறது என்பார், ஓர் அணைக்கட்டில் இழுப்பு அதிகம் என்பார், ஒரு குளத்தில் முப்பது படி, ஒன்றில் குடிகாரர் தொல்லை, ஒன்றில் முதலை இருப்பதாகப் பேச்சு. வெயிலில் கறுத்து, தோள் வலிக்கிறது என்று வந்து உட்காருவார். எனக்காக அலைகிற மனுஷன் என்று நான் எண்ணெய் காய்ச்சித் தேய்த்துவிடுவேன்.

அப்படி நான்கு வருஷம் தேடியும் கிடைக்காத இடம் ஒரு பெயிண்டரின் கைவாகால் வாசலுக்கே வந்து நின்றது.

தெரு ஒரு வாரத்தில் பழகிவிட்டது. முதல் நாள் எல்லோரும் போட்டோ எடுத்தார்கள். இரண்டாம் நாள் பால்காரர் தண்ணீர்த் தொட்டி மூடியில் உட்கார்ந்து கையால் துழாவிக்கொண்டு வந்தார். மூன்றாம் நாள் பால் தாமதம் என்று அவரைத் திட்டினார்கள். குப்பை வண்டி முனையிலேயே நின்று பாட்டுப் போட, ஆளாளுக்கு வாளியை மிதக்கவிட்டுக் கயிற்றால் இழுத்துக்கொண்டார்கள். பெண்கள் தண்ணீர் மேலேயே கோலம் போட்டார்கள், மாவைக் கலைக்காமல் மதியம்வரை அது பத்திரமாக வைத்திருந்தது. ஏழாம் வீட்டு மருமகள் பாடுபட்டுப் போட்ட இருபத்தொரு புள்ளிக் கோலம் மெதுவாக நகர்ந்து எட்டாம் வீட்டு வாசலில் போய் நின்றதில் இரண்டு வீட்டுக்கும் பேச்சு வார்த்தை நின்றது. கொசுப்புழு பார்க்க வந்த ஊழியர் கரண்டியை விட்டுப் பத்து முறை அள்ளிப் பார்த்தும் ஒரு புழுகூடக் கிடைக்காததால், புழு இல்லாத தேங்கிய தண்ணீரைக் குறிக்க அவருடைய படிவத்தில் இடம் இல்லாமல், ‘தண்ணீர் இல்லை’ என்று எழுதி எங்களிடமே கையெழுத்து வாங்கிக்கொண்டு, முழங்கால்வரை நனைந்த பேண்ட்டைப் பிழிந்துகொண்டு போனார். ஐந்தாம் தெருக்காரர்கள் பொறாமையில் தங்கள் பலகையைக் ‘குளத்தெரு’ என்று மாற்றிப் பார்த்தார்கள், ஒரு தவளைகூட வரவில்லை. மாசி மகத்துக்குக் கடலுக்குத் தீர்த்தவாரிக்குப் போகிற அம்மன் அந்த வருஷம் எங்கள் தெருவிலேயே இறங்கினாள். வழக்கத்தை மாற்றலாமா என்று சிலர் முணுமுணுத்தபோது, ஆறு என்று பலகையிலேயே போட்டிருக்கிறதே, அப்புறம் என்ன என்று கேட்டார் குருக்கள்.

படகுகள் வந்தன. பக்கத்து வீட்டு ஸ்டெல்லா டீச்சருக்கு பெங்களூரில் இருக்கிற மகள் இரண்டு கயாக் வாங்கி அனுப்பினாள், ஒன்று மஞ்சள், ஒன்று ஆரஞ்சு. ஆரஞ்சை டீச்சர் என் வாசலில் கொண்டுவந்து கட்டிவிட்டார். மற்றவர்களும் வாங்கினார்கள், வாங்காதவர்கள் டிரம்மை இரண்டாகப் பிளந்தார்கள். துடுப்பை எந்தப் பக்கம் பிடிப்பது என்று தெரியாதவர்கள், நீச்சல் தெரியாதவர்கள், தொண்ணூறு கிலோ ஆட்கள், வயிற்றுப் பிள்ளைக்காரி, எல்லோரும் ஏறினார்கள், ஒருவரும் கவிழவில்லை. யாராவது தடுமாறிச் சாய்ந்தால் அந்தப் பக்கத்துத் தண்ணீர் கொஞ்சம் எழும்பி முட்டுக்கொடுத்து நிமிர்த்திவிடும். ஞாயிற்றுக்கிழமைகளில் சிதம்பரத்திலிருந்தும் நெய்வேலியிலிருந்தும் குடும்பம் குடும்பமாக வந்து, புதுசா கத்துக்கிறதுக்கு அமைதியான இடம் இதுதானாமே என்று கேட்டுக்கொண்டு முனையில் வரிசையில் நின்றார்கள்.

நான் மேல்படியில் உட்கார்ந்து, கையை ஊன்றி, படகுக்குள் சறுக்கினேன். தூக்க ஆள் வேண்டியிருக்கவில்லை. முதல் நாள் டீச்சர் வாசல்வரை, இரண்டாம் நாள் பால் பூத்வரை, நான்காம் நாள் தெருமுனையில் ஜைனுல் பாய் மளிகைக் கடைவரை போனேன். பாய் என்னைப் பார்த்ததும் வழக்கம்போல எனக்குப் பின்னால் பார்த்தார்.

“சார் வரலையாம்மா?”

“நான் வந்திருக்கேன் பாய். கடுகு நூறு குடுங்க.”

நாற்பத்தாறு வயதில் நானே போய் வாங்கிய முதல் கடுகு அது. மடியில் வைத்துக்கொண்டு திரும்பி வரும்போது எனக்கு அடக்க முடியாமல் சிரிப்பு வந்தது, இருபத்திரண்டு வீட்டு வாசலையும் தாண்டி வரும்வரை சிரித்துக்கொண்டே வந்தேன். இந்தத் தண்ணீர் இருக்கிறவரை நான் யாரையும் கேட்காமல் வெளியே போவேன், இது போய்விட்டால் மறுபடி மூன்று படிக்கு உள்ளே. எனக்கு அது மிக நன்றாகத் தெரிந்திருந்தது, ஆகவே தினமும் எழுந்ததும் முதலில் வாசலைத்தான் எட்டிப் பார்த்தேன். அவர் வாசலில் மடித்த வீல்சேரைப் பிடித்துக்கொண்டு நிற்பார். அம்மா எப்படி இருக்காங்க என்று இப்போது யாரும் அவரைக் கேட்பதில்லை, என்னையே கேட்டார்கள், நானே பதில் சொன்னேன். அவர் பேச்சு குறைந்துவிட்டது. அதை நான் கவலை என்று நினைத்தேன்.

அந்தத் தண்ணீருக்கு ஒரு பொறாமை இருப்பது ஒரு மாசம் கழித்துத்தான் தெரிந்தது. கரையோரக் குப்பத்திலிருந்து வேடிக்கை பார்க்க வந்த மீன்காரர் ஒருவர், பிறந்ததிலிருந்து கடலில் கிடப்பவர், இதெல்லாம் ஒரு படகா என்று சிரித்துக்கொண்டே ஏறி உட்கார்ந்தார், அடுத்த நிமிஷம் தலைகீழாகத் தண்ணீருக்குள் இருந்தார். சென்னையிலிருந்து வந்த, படகுப் போட்டிகளில் மெடல் வாங்கிய பையன் ஒருவன் மூன்று முறை ஏறி மூன்று முறையும் விழுந்தான். ஓய்வு பெற்ற கப்பல்காரர் ஒருவருக்கும் அதே கதி. எங்கள் தெருத் தண்ணீரிலேயே கற்று நன்றாகத் துடுப்புப் போடுகிறவர்களை அது ஒன்றும் செய்யவில்லை. ஒன்றும் தெரியாதவர்களைத் தாங்கிப் பிடித்தது. வேறு தண்ணீரில் துடுப்புப் போட்டுவிட்டு வருகிறவர்களை மட்டும் கவிழ்த்தது. இதற்கு வேற தண்ணி வாசனை ஆகாதும்மா என்று ஜைனுல் பாய் ஒரே வரியில் சொல்லிவிட்டார். தெருவும் அதை ஏற்றுக்கொண்டு, வெளியூர்க்காரர்கள் ஏறும் முன் இதற்கு முன்னால் எங்காவது படகு ஓட்டியதுண்டா என்று விசாரிக்க ஆரம்பித்தது.

ஒரு ஞாயிறு எல்லோரும் சேர்ந்து என் கணவரை இழுத்துவிட்டார்கள். தெருவில் படகு ஏறாத ஆள் அவர் ஒருவர்தான். முதலில் முதுகு வலி என்றார், பிறகு குளிர் என்றார், கடைசியில் ஸ்டெல்லா டீச்சர் கையைப் பிடித்துக் கூட்டிவந்து மஞ்சள் படகில் உட்காரவைத்துவிட்டார். அவர் உட்கார்ந்த விதம் நேர்த்தியாக இருந்தது. துடுப்பை எப்படிப் பிடிப்பது என்று யாரையும் கேட்கவில்லை. ஒரு தடவைதான் துடுப்பு வலித்தார், படகு அம்பாட்டம் கிளம்பியது, கிளம்பிய வேகத்தில் கவிழ்ந்தது. மறுபடி ஏற்றினார்கள், மறுபடி கவிழ்ந்தது. மூன்றாவது தடவை ஏறுவதற்குள்ளேயே கவிழ்த்துவிட்டது. தெருவே சிரித்தது. சாருக்கு வேறெங்கோ ஒரு தண்ணீர் இருக்கிறது என்று யாரோ சொல்ல, மாடியில் நின்றிருந்த பெண்களெல்லாம் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்கள்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. எண்பத்தைந்து கிலோ மனுஷன், கனம் தாங்கவில்லை, இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று படகில் இருந்தபடியே எல்லோரையும் சத்தம் போட்டேன். தொண்ணூறு கிலோ ஆட்கள் மிதந்துகொண்டிருந்த தெருவில் நான் அப்படிச் சொன்னேன். வீட்டுக்கு வந்து அவர் தலையைத் துவட்டிவிட்டேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அன்றைக்கு அவருக்காகப் பரிந்து பேசியதை நினைத்தால் இப்போதும் எனக்கு என் மேலேயே கோபம் வருகிறது.

அடுத்த புதன்கிழமை, வெளியூர்க் கூட்டம் அதிகமாகிறது, எல்லோருக்கும் லைஃப் ஜாக்கெட் வேண்டும் என்று டீச்சர் விசாரித்ததில், காக்காமுனை உப்பங்கழியில் படகுத்துறை நடத்துகிற எத்திராஜ் என்பவர் தன் வண்டியில் பழைய ஜாக்கெட்டுகளை ஏற்றிக்கொண்டு தெருமுனைக்கு வந்தார். நான் பாய் கடையோரம் படகை நிறுத்தியிருந்தேன். என் கணவர் முனையில் நின்று ஜாக்கெட்டுகளை இறக்க உதவப் போனார், பிறருக்கு உதவுவதில் அவர் முந்திக்கொள்வார். எத்திராஜுக்கு அவரைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது.

“என்னா சார், இங்கியா இருக்கீங்க? ரெண்டு மாசமா ஞாயித்துக்கெழம ஆளையே காணும்? உங்க மூணாம் நம்பர் படகு சும்மாவே கெடக்குது.”

பாய் தராசில் இருந்த பருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் துடுப்பை ஒரு தள்ளுத் தள்ளி அருகில் போய், காக்காமுனை இங்கிருந்து எவ்வளவு தூரம் என்று எத்திராஜைக் கேட்டேன்.

“நாலு கிலோமீட்டர்மா. அலையே இருக்காது, புதுசா வர்றவங்க எல்லாம் அங்கதான் கத்துக்குறாங்க. வீல்சேரு நேரா படகுகிட்ட எறங்குற மாதிரி ராம்ப்பு கட்டியிருக்கோம். சார்தான் அளவு சொல்லிக் கட்டச் சொன்னாரு, என் சம்சாரத்தக் கூட்டியாறேன்னு. அது ஆச்சு நாலு வருசம்.”

அப்போதுதான் அவர் என்னையும் என் படகையும் என் கணவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு ஜாக்கெட்டுகளை எண்ணுகிற சாக்கில் வண்டிப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஆகாயத்தாமரையும் முப்பது படியும் முதலையும் கிடையாது. ஞாயிறு ஞாயிறாக நான் வாசல் ஜன்னலில் உட்கார்ந்து ஸ்கூட்டர் சத்தத்துக்குக் காத்திருக்க, அவர் நான்கு கிலோமீட்டரில் அமைதியான தண்ணீரில் தனியாக மிதந்திருக்கிறார். நான் தேய்த்துவிட்டது எனக்காக அலைந்த தோள் அல்ல, துடுப்புப் போட்ட தோள். அவருக்கு வேறு பெண் இருந்திருந்தால்கூட ஒரு பாட்டம் அழுது, நாலு பேரிடம் சொல்லி, எதையாவது பிடித்துக்கொண்டு எழுந்திருப்பேன். இதை என்ன பெயர் சொல்லி அழுவது என்று எனக்குத் தெரியவில்லை.

மதியம் வீட்டில் அவர் தரையைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

“முதல் வாரமே கண்டுபுடிச்சிட்டேன் குமுதா. உன்னைக் கூட்டிட்டுப் போகணும்னுதான் ராம்ப் கட்டச் சொன்னேன். கட்டி முடிச்சதும் அடுத்த வாரம், அடுத்த வாரம்னு தள்ளிப் போச்சு. அங்க யாருக்கும் என்னை நல்லவன்னு தெரியாது. அங்க நான் சும்மா ஒரு ஆளு.”

“வாரத்துல நாலு மணி நேரம் எனக்குன்னு வேணும்னு கேட்டிருந்தா நான் தரமாட்டேன்னா சொல்லியிருப்பேன்?”

எனக்கு அவர் மேல் இரக்கமும் வந்தது, அதுதான் கொடுமை. மனுஷனுக்கு மூச்சுவிட ஓர் இடம் வேண்டும், இல்லை என்று யார் சொன்னது? ஆனால் அவர் எடுத்துக்கொண்டது என்னுடைய இடத்தை. நான் கேட்டு, நான் கனவு கண்டு, என் காலுக்கு அளவெடுத்துக் கட்டிய இடத்தை.

அதற்குப் பிறகு தெரு அவரைக் கேலி செய்யவில்லை, அதைவிட மோசமாக மரியாதை கொடுத்தது. சார் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். அவர் வெளியே வருவதைக் குறைத்துக்கொண்டார். நான் வழக்கம்போலப் போய் வந்தேன். எட்டு நாள் அப்படிப் போயிற்று.

ஒன்பதாம் நாள் மதியம், எல்லோரும் சாப்பிட உட்கார்ந்திருந்த நேரம், கறிவேப்பிலை வாங்கிக்கொண்டு பாய் கடையிலிருந்து நான் திரும்பிக்கொண்டிருந்தேன். தெருவின் நடுவில் வந்தபோது படகு கொஞ்சம் தாழ்ந்த மாதிரி இருந்தது. திரும்பிப் பார்த்தேன். முனைப் பலகையருகே ஏணி போட்டு என் கணவர் நின்றிருந்தார், கையில் பிரஷ், ஏணியில் தொங்குகிற நீலப் பெயிண்ட் டப்பா. ‘ஆறாம்’ இருந்த இடத்தை வெள்ளையடித்து மறைத்து, அதன் மேல் பெரிதாக ‘6-வது’ என்று எழுதி முடித்து, வளைவைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். தண்ணீர் அதைப் படித்துவிட்டது. தன்னை யாரும் ஆறு என்று சொல்லவில்லை, வெறும் கணக்கு எண்ணைச் சொல்லியிருக்கிறார்கள், தப்பாகக் கேட்டு வந்து இத்தனை நாள் தங்கிவிட்டோம் என்று அதற்குப் புரிந்திருக்க வேண்டும். ஒருவரிடமும் சொல்லிக்கொள்ளாமல், ஒரு சுழியும் இரைச்சலும் இல்லாமல், தெருவின் கீழ்க்கோடி வழியாக அது எழுந்து போனது. போகும்போதும் என் படகைச் சாய்க்காமல், மெதுவாகத் தாரின் மேல் இறக்கி வைத்துவிட்டுப் போனது. அன்று சாயங்காலமே ஸ்டெல்லா டீச்சர் ‘ஆறாம்’ என்று திரும்ப எழுதிப் பார்த்தார், இன்றும் பலகையில் அப்படித்தான் இருக்கிறது. ஒரு முறை ஏமாந்தது மறுபடி வரவில்லை. அதை நான் குறை சொல்ல மாட்டேன்.

ஈரத் தெருவின் நடுவில் ஆரஞ்சுப் படகுக்குள் நான் உட்கார்ந்திருந்தேன். எச்சில் கையோடு ஒவ்வொருவராக வாசலுக்கு வந்தார்கள். அவர் ஏணியிலிருந்து இறங்கி, கையைத் துணியில் துடைத்துக்கொண்டு, என்னிடம் வந்து குனிந்து இரண்டு கையையும் நீட்டினார்.

“வா, தூக்கிக்கிறேன்.”

இருபது வருஷமாக அவர் குனிந்தால் என் கை தானாக அவர் கழுத்தைக் கட்டும். அன்றைக்கு அது துடுப்பை விடவில்லை.

“அந்தத் தண்ணி எதைப் படிச்சு வந்துச்சுன்னு நான் உங்ககிட்ட மட்டும்தானே சொன்னேன்?”

“உன் நல்லதுக்குத்தான் குமுதா. என்னைக்காவது ஒரு நாள் உன்னையும் கவுத்துடும்.”

அவர் முகத்தில் நீலப் பெயிண்ட் ஒரு துளி தெறித்திருந்தது. அதை நான் துடைக்கச் சொல்லவில்லை. பாய், வண்டி சும்மா இருக்கா என்று முனையைப் பார்த்துக் கேட்டேன். ஜைனுல் பாய் சரக்கு ஏற்றுகிற தன் குட்டி வண்டியை அரிசி மூட்டைகளை இறக்கிவிட்டுக் கொண்டுவந்தார். நான்கு பேர் படகை என்னோடு சேர்த்துத் தூக்கி ஏற்றினார்கள், டீச்சர் என் பக்கத்தில் ஏறிக்கொண்டார், பாய் கயிறு போட்டுக் கட்டினார். எங்கே என்று யாரும் கேட்கவில்லை. ஈரத் தாரில் வண்டி கிளம்பியபோது அவர் நீட்டிய கையை இன்னும் மடக்காமல் நின்றிருந்தார்.

காக்காமுனைக்கு வழி தெரியாமல் பாய் இரண்டு இடத்தில் விசாரித்து, ஓர் இடத்தில் தவறாகத் திரும்பி, அரை மணி நேரத்தில் போய்ச் சேர்ந்தோம். எங்களுக்கு முன்னால் அங்கே அவருடைய ஸ்கூட்டர் நின்றிருந்தது. அவர் குறுக்கு வழி அறிந்தவர்.

உப்பங்கழி அகலமாக, பச்சையாக, எந்த அவசரமும் இல்லாமல் கிடந்தது. சாய்தளம் நன்றாகக் கட்டியிருந்தார்கள், சரிவு சரியாக இருந்தது, கைப்பிடி என் உயரத்துக்கு இருந்தது. எத்திராஜ் ஒன்றும் கேட்காமல் எனக்கு ஜாக்கெட்டை மாட்டி, படகோடு மெதுவாகத் தண்ணீரில் இறக்கிவிட்டார். இரண்டு தடவை வலித்தேன், கவிழ்ந்துவிட்டேன். வாயெல்லாம் உப்பு. இந்தத் தண்ணீருக்கு என்னைத் தெரியாது, தாங்கிப் பிடிக்கவும் தெரியாது, வேறு தண்ணீர் வாசனை பற்றிய கவலையும் கிடையாது. எத்திராஜ் இடுப்பளவு தண்ணீரில் நின்று என்னைத் தூக்கி ஏற்றினார். மறுபடி கவிழ்ந்தேன். மூன்றாவது தடவையும் கவிழ்ந்தேன். உன் நல்லதுக்குத்தான் என்று சொல்லாமல் ஒன்று என்னைக் கீழே போட்டது எனக்கு ஆறுதலாகக்கூட இருந்தது.

நான்காவது தடவை உட்கார்ந்தபோது கரையிலிருந்து அவர் குரல் வந்தது.

“இடுப்ப இறுக்காத குமுதா. சாயறப்ப துடுப்ப மேல தூக்காத. தண்ணி மேல படுக்க வச்சு அழுத்து.”

கேட்கக் கூடாது என்றுதான் இருந்தேன். ஆனால் படகு இடது பக்கம் சாய்ந்தபோது, கை அது பாட்டுக்குத் துடுப்பைப் படுக்க வைத்து அழுத்தியது, சாய்ந்த படகு நிமிர்ந்தது. வலது பக்கம் சாய்ந்தது, அழுத்தினேன், நிமிர்ந்தது. பிறகு சாயவே இல்லை. கரையில் டீச்சரும் பாயும் கை தட்டினார்கள். நான் திரும்பிப் பார்க்காமல் உப்பங்கழியின் நடுவுக்குப் போனேன், இன்னும் தள்ளிப் போனேன், யாருக்கும் முகம் தெரியாத தூரம் போன பிறகுதான் அழுதேன். அவர் சொன்னது சரியாக இருந்தது. நான்கு வருஷமாக இந்த ஒரு வாக்கியத்தை வாய்க்குள் வைத்துக்கொண்டு, தினமும் என் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார்.